உள்ளே விட்ட துணி: சிம்பாங் பூலாய் வட்டார ரவிக்கைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ரவிக்கையின் வெளிப்பக்கத்தைப் பற்றி எழுதக் கவிஞர்கள் இருக்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் மாமியார்களும் ஆய்வாளர்களும்தான். மாமியார்கள் தங்கள் முடிவுகளை எழுதி வைப்பதில்லை, நேரிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால் இத்துறையில் எழுத்துச் சான்றுகள் குறைவு.

வீட்டில் தைத்த ரவிக்கை ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்புங்கள். அக்குளிலிருந்து இடுப்புப் பட்டி வரை இறங்கும் பக்கத் தையலுக்கு அப்பால் இரண்டு விரற்கடை அகலத்துக்குத் துணி மடிந்து கிடக்கும். அதற்கு வேலை எதுவும் கிடையாது. உடம்பை மறைப்பதில்லை, கண்ணில் படுவதில்லை, ஈப்போ வெயிலில் வியர்த்தால் அரிக்கவும் செய்யும். ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கிப் போட்ட பெண் ஒருத்தியை இவ்வட்டாரத்தில் காண முடியவில்லை. ஏன் என்று கேட்டால், "கிடந்துட்டுப் போவுது, உனக்கென்ன?" என்கிறார்கள். இது பற்றி இதுவரை முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளில் இதுவே விரிவானது. ஆகவே மேலாய்வு தேவைப்படுகிறது.

இக்கட்டுரை அதை 'உள்துணி' என்று குறிக்கும். உள்ளாடை, உள்பாவாடை, லைனிங் ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை தனித்தனித் துறைகள், தனித்தனிப் பகைகள்.

களமும் தகவலாளரும்

சிம்பாங் பூலாய், ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் வழியில் இருக்கிறது. இங்கிருந்து கிழக்கே பிரியும் மலைச்சாலை கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து இங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்ப்பதில்லை. ஸ்ட்ராபெரி நினைவாகவே மேலே போய், முட்டைக்கோஸ் மூட்டையோடு கீழே வருகிறார்கள். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள், குன்றுகளை அறுக்கும் கல்லுடைப்புகள், கல் ஏற்றிப் போகும் லாரிகள், லாரிகளுக்குப் பின்னால் வெள்ளைத் தூசி. காலையில் கொடியில் போட்ட கறுப்புத் துணி மாலைக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வெளிப்பக்கம் வெளுக்காமலும் தூசி படியாமலும் இருக்க, துணியைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது இங்கே வீட்டு வழக்கம். ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. தெருவில் நடந்தபடியே தரவு சேகரிக்கலாம். நாய்களைப் பற்றித்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதன்மைத் தகவலாளர் கட்டுரையாளரின் பெரியம்மா. தோட்டத்து லயத்தில் பிறந்து, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு விடியுமுன் எழுந்து, வாளியும் உளியுமாகப் பால்மரம் வெட்டியவர். ரப்பர் செம்பனையானதையும், செம்பனை வீடமைப்பு நிலமானதையும் அதே இரண்டு கண்ணால் பார்த்தவர். இப்போது ஒரு தாமானில் வரிசை வீடு, வாசல் திண்ணையில் மிதி மிஷின், மிஷின் மேல் காதறுந்த பிள்ளையார் படம். ஆய்வு நெறிமுறைப்படி அவருடைய ஒப்புதல் பெறப்பட்டது. அந்த ஒப்புதலின் முழு வாசகம் வருமாறு: "சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காதலா. இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு."

பழமை நிறுவுதல்

தமிழில் எழுதும் ஆய்வுக் கட்டுரை எதுவானாலும் தொல்காப்பியத்தைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உள்துணி பற்றித் தொல்காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால் தனியே சொல்லத் தேவைப்படவில்லை என்று கொள்வதே முறை. ஆகவே உள்துணி குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. இதே வழியில் ஆகாய விமானத்துக்கும் பழமை நிறுவியவர்கள் உண்டு. நாம் அவ்வளவு உயரம் போக வேண்டாம்.

ஆனால் தைத்த ரவிக்கை தமிழ்ப் பெண்களிடையே பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும்தான் என்பது ஒரு சங்கடமான உண்மை. கிராமத்துப் பாட்டிகள் பலர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரவிக்கை இல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள். சேலைக்கு அளவு கிடையாது. இளைத்தால் இரண்டு கொசுவம் கூட, பெருத்தால் இரண்டு குறைய, அவ்வளவுதான். மனித உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பதைச் சேலை மதித்தது, மறுத்தது ரவிக்கை. துணியை உடம்பின் அளவுக்கு வெட்டிய அன்றைக்கே, அந்த அளவு நாளைக்கு இராதே என்ற கவலையும் பிறந்துவிட்டது. உள்துணி அந்தக் கவலையின் அகலம்.

வெட்டியதை வேகமாகத் தைக்க வழி செய்தவர்கள் அமெரிக்கர்கள். நுனியில் கண் வைத்த ஊசியோடு எலயஸ் ஹோ 1846-இல் காப்புரிமை வாங்கினார். 1851-இல் ஐசக் சிங்கர் வாங்கினார். இருவரும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டது தனிக்கதை. நமக்கு வேண்டியது, மிஷினை மாதத் தவணையில் விற்கலாம் என்று சிங்கர் நிறுவனம் 1850களிலேயே கண்டுகொண்டது. மொத்தமாகக் காசு சேர்த்து மிஷின் வாங்குவது என்றால் லயத்து வீடுகளில் அது நடக்காத காரியம். தவணை இருந்ததால் ஒரு வீட்டில் மிஷின் வந்தது. ஒரு வீட்டில் வந்ததும் வரிசை முழுவதற்கும் தையல்காரி கிடைத்தாள்.

பெரியம்மா அளவெடுக்க இன்ச் டேப் வைத்திருக்கிறார். மலேசியா 1970களிலேயே மீட்டர் முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது என்ற செய்தி அந்த டேப்புக்கு இன்னும் எட்டவில்லை. ஆனால் உள்துணியை அந்த டேப்பாலும் அளப்பதில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் துணிமேல் வைத்து, சோப்புச் சில்லால் கோடு இழுத்துவிடுகிறார். தைப்பவரின் விரல் தடித்திருந்தால் போடுபவருக்கு எதிர்காலம் அதிகம்.

பிற நாடுகளில் நிலைமை

மேலைநாட்டார் இதைக் கணக்கில் அடக்கப் பார்த்தார்கள். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-இல் அளவு வாரியான காகித வெட்டுப் படிவங்களை விற்கத் தொடங்கினார். அந்த வகைப் படிவங்களில் தையலுக்கு அப்பால் விடும் துணி எட்டில் ஐந்து இன்ச் என்று பின்னாளில் நிலைத்தது. அரைக்கு மேல், முக்காலுக்குக் கீழ். இந்த எண்ணைக் கேட்ட பெரியம்மா, "அந்த ஊர்ல பிள்ளை பெத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். ஜெர்மனியின் புர்டா இதழோ தன் படிவங்களில் தையலுக்கான துணியைச் சேர்ப்பதே இல்லை, வேண்டியதை நீங்களே விட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடுகிறது. இதைப் பெரியம்மா ஏற்றுக்கொண்டார். "அதான் சரி. யாரு வீட்டுல யாரு எவ்ளோ குண்டாவாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஓர் அரசாங்கமே மடிப்புத் துணியில் கைவைத்த வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு. அடுத்த ஆண்டு வந்த சிக்கன விதிகள் பைகளையும் பொத்தான்களையும் எண்ணிக் கொடுத்தன, ஆண்கள் கால்சட்டையின் அடியில் மடிப்பு வைப்பதைத் தடை செய்தன. ஆங்கிலேயர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஆகவே தங்கள் காலைவிட நீளமான கால்சட்டையைக் கடையில் வாங்கி, வீட்டில் மனைவியிடம் கொடுத்து மடித்துத் தைத்துக்கொண்டார்கள். உள்துணியை ஒழிக்க நினைக்கும் எந்த அரசும் கடைசியில் வீட்டு ஊசியிடம் தோற்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் துணைமுடிவு.

அதே ஆண்டுகளில் பேராக்கில் ஜப்பானியர் ஆட்சி. கப்பல் இல்லை, ரப்பரை வாங்க ஆளில்லை, துணி வரவில்லை. இருந்த சேலை நைந்த பிறகு கோணிச்சாக்கைத்தான் வெட்டி உடுத்தினார்கள். பெரியம்மாவின் தாயார் சாக்கில் சட்டை தைத்தபோதும் பக்கத்தில் இரண்டு விரற்கடை விட்டாராம். மரவள்ளிக் கிழங்கும் கஞ்சியுமாகப் போன அந்தக் காலத்தில் யார் பெருக்கப் போகிறார்கள் என்று கணவர் கேட்டதற்கு, "வெள்ளைக்காரன் திரும்ப வந்தா அரிசி வரும்ல?" என்று பதில் சொன்னதாக வாய்மொழி வரலாறு. அரசியல் முன்கணிப்பில் இத்தனை துல்லியம் அன்றைய நாளேடுகளுக்கு இருந்ததா என்பது ஆராயத்தக்கது. போர் முடிந்த பிறகு மாவுச் சாக்கின் வெள்ளைத் துணி வந்தது. சாக்கின் வாயைத் தைத்திருப்பது சங்கிலித் தையல். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே நூலாகக் கையில் வந்துவிடும். துணி சிறுவர்களுக்குக் காற்சட்டையாகவும், நூல் அந்தக் காற்சட்டையைத் தைக்கவும் ஆயிற்று.

இலாஸ்டிக் முரண்

இத்துறையின் மிகப் பெரிய முரண் இனிமேல்தான் வருகிறது.

ரப்பரைத் துணியோடு சேர்த்து இழுவைப் பட்டி செய்யும் யோசனைக்கு லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820-இல் காப்புரிமை வாங்கினார். கையுறை, காலணி, இடுப்பு என்று உடம்பின் விளிம்புகளையெல்லாம் அது கவ்விப் பிடித்தது. பிரேசிலிலிருந்து விதை புறப்பட்டு, லண்டனில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்து, 1877-இல் கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் கன்றாக நின்றது. அந்தத் தலைமுறை மரம் ஒன்றை இன்றைக்கும் வேலி போட்டுக் காட்டுகிறார்கள். பிறகு பேராக் முழுக்க ரப்பர். மரம் வெட்டத் தமிழர்கள் கப்பலில் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகத்திலேயே அதிக இயற்கை ரப்பர் இந்த நாட்டில்தான் விளைந்தது. உலகத்தார் இடுப்பில் நின்ற இழுவைப் பட்டிகளில் எத்தனையோ இந்தப் பக்கத்துப் பாலில் பிறந்தவை.

அந்தப் பாலை எடுத்தவர்கள் பாவாடைக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் பால் தெறித்தால் காய்ந்து கறுத்து, துவைத்தாலும் போகாத கறை. அவர்களிடம் ரப்பர் இருந்த இடம் அதுதான். உடம்போடு சேர்ந்து விரிகிற துணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விரிவை அவர்கள் கையால் செய்துகொண்டார்கள், இரண்டு விரற்கடை அகலத்தில். ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது, 55 வயதில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உள்துணி அதற்கும் மூத்தது. வயது வரம்பும் அதற்கு இல்லை, தீபாவளிக்கு முந்தின இரவு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ச்சான்றாகப் பத்து காஜா அருகே கெல்லி கோட்டை நிற்கிறது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், மின்தூக்கிக்கும் இடம் விட்டு மாளிகை கட்டத் தொடங்கினார். 1926-இல் லிஸ்பனில் இறந்தார். கட்டடம் முடியவில்லை. எதிர்காலத்துக்கென்று விடலாம், ஆனால் எவ்வளவு விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியம்மாவைக் கேட்டிருந்தால் இரண்டு விரற்கடை போதும் என்று சொல்லியிருப்பார்.

ஒரு மாதிரியைப் பகுத்தாய்தல்

மெரூன் நிறப் பருத்தி ரவிக்கை. வீட்டுத் தையல், கைத்தையலில் கழுத்துப் பட்டி, முன்னால் ஐந்து கொக்கி, அதில் ஒன்று வேறு இனம். இடப்பக்கத் தையலைத் திறந்து சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் கிடைத்தவை:

உடம்புக்கு மிக அருகில் ஒரு கோடு. தையல் இல்லை, ஊசித் துளைகளின் வரிசை மட்டும். இடையிடையே மெரூன் நூல் துணுக்குகள் பிசிறாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதுவே முதற்காலம். அதிலிருந்து அரை இன்ச் தள்ளி இன்னொரு துளை வரிசை, கருநீல நூல் துணுக்குகளோடு. அதற்கும் அப்பால் இப்போது உழைத்துக்கொண்டிருக்கும் தையல், கறுப்பு நூலில். கறுப்புக்கு அப்பால் உள்துணி அரை விரற்கடைதான் மிச்சம்.

மெரூன் ரவிக்கையில் கருநீல நூல் எப்படி வந்தது? கால ஆராய்ச்சிக்கு இதுதான் திறவுகோல். பிரித்துவிடும் பெண் அதற்கென்று நூல் மாற்றமாட்டாள், அன்றைக்கு மிஷினில் எந்த நூல் ஓடுகிறதோ அதிலேயே ஓட்டிவிடுவாள். கருநீலம் தொடக்கப்பள்ளி மாணவியர் பினாஃபோரின் நிறம். ஆகவே இரண்டாம் காலம் என்பது வீட்டில் ஒரு பெண் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தின ஆண்டிறுதி விடுமுறை. பெரியம்மாவிடம் சரிபார்த்ததில், "ஆமா, சின்னவ ஸ்கூல் சேந்தப்போ" என்று உறுதி செய்தார். கறுப்பு நூல் எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, பெரியப்பாவின் காரியத்துக்கு யாருக்கோ அவசரமாக ஏதோ தைத்தது என்று மட்டும் சொன்னார். கரிமக் காலக்கணிப்பு இந்த அளவுக்கு விவரம் தராது.

இங்கே சுற்றுப்புறக் குன்றுகளை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. அதன் பழைய பகுதிகளின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு. பிறகு அடியிலிருந்து கருங்கல் குழம்பு ஏறிச் சுட்டதில் பல இடங்களில் அது சலவைக்கல்லாயிற்று, பழைய அடுக்குகளும் உயிரினச் சுவடுகளும் மங்கிப்போயின. மலேசியா இப்பள்ளத்தாக்கை 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவித்திருக்கிறது. ரவிக்கையையும் சூட்டில்தான் வைக்கிறார்கள், வாரம் ஒருமுறை இஸ்திரிப் பெட்டியால். கோடு மங்குவதில்லை. பருத்தியாவது சில சலவையில் ஊசித் துளையை மூடிக்கொள்ளப் பார்க்கும். பட்டு அதையும் செய்யாது. கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ரவிக்கையைப் பிரித்துவிட்டால், பழைய தையல் இருந்த இடம் துளை வரிசையாக எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பட்டு ரவிக்கைக்காரிகள் பிரிப்பதற்குப் பதில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிரிக்கும் முறையும் குறிப்பிடத்தக்கது. பாதியாக உடைத்த பழைய பிளேடு, ஒரு முனையில் துணி சுற்றியது. தையலின் ஒரு பக்கத்தில் நாலைந்து கண்ணுக்கு ஒருமுறை நூலை அறுத்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலை நகத்தால் கிள்ளி இழுத்தால் முழு நீளத்துக்கும் சரசரவென்று வந்துவிடும். மிஷின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை, ஒன்றை அறுத்தால் மற்றது தனியாக நிற்காது. குடும்ப அமைப்பு பற்றி இதிலிருந்து முடிவுக்கு வரும் ஆசை ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. அடக்கிக்கொள்ளப்பட்டது.

அளவு ரவிக்கை என்னும் மூலப்படி

வீட்டுக்கு ஓர் 'அளவு ரவிக்கை' உண்டு. தைக்கக் கொடுக்கும்போது மாதிரிக்குக் கொடுப்பது. இன்ச் டேப்பால் அளக்கவிட வெட்கப்பட்ட காலத்தில் வந்த வழக்கம், வெட்கம் போன பிறகும் நின்றுவிட்டது.

பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் ஒரு பிளாட்டின உருளையைக் கண்ணாடிக் கூடுக்குள் வைத்து, இதுதான் ஒரு கிலோ என்று உலகம் நூறாண்டுக்கு மேல் ஏற்றுக்கொண்டிருந்தது. அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. விஞ்ஞானிகள் கலங்கிப்போய், நெடுங்காலம் உழைத்து, 2019 மே 20 முதல் கிலோவுக்குப் புதிய வரையறை கொண்டுவந்தார்கள். சிம்பாங் பூலாயில் அளவு ரவிக்கைக்கும் அதன் உரிமையாளருக்கும் இடையே மூன்று இன்ச் வேறுபாடு வந்த பிறகும் யாரும் மாநாடு கூட்டியதில்லை. ஏனென்றால் அளவு ரவிக்கை இன்றைய உடம்பைச் சொல்ல வந்ததல்ல. அவள் எந்த ஆண்டில் நின்றுவிட ஆசைப்பட்டாளோ அந்த ஆண்டைச் சொல்வது.

தையல்காரிக்கு இது தெரியும். வந்தவளை ஒரு பார்வை, ரவிக்கையை ஒரு பார்வை. பிறகு, "இந்த அளவுக்கே வெட்டிடறேன்க்கா, புதுத்துணி தண்ணி பட்டா சுருங்கும், அதனால கொஞ்சம் லூசா ஓட்டிடட்டா?" என்பாள். துணியின் மேல் பழியைப் போட்டாகிவிட்டது. "உன் இஷ்டம்மா" என்று பதில் வரும். ஐ.நா. சபையில் இவ்வளவு வழுக்கலாகப் பேசத் தெரிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள்.

கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் இடையிலுள்ள கோட்பாட்டுப் பிளவும் இங்கேதான் தொடங்குகிறது. கடைப் பள்ளியினர் ஓரம் அடித்து, அரை இன்ச் மட்டும் விட்டு, உள்பக்கமும் பளிச்சென்று இருக்கத் தைப்பார்கள். பிரிக்க வேண்டி வந்தால் புதிது தைக்கக் கொடுங்கள் என்பது அவர்கள் பொருளாதாரம். வீட்டுப் பள்ளியினருக்குப் பொருளாதாரம் வேறு. ஆனால் அவர்களுக்கும் தீராத அநீதி ஒன்று உண்டு. சேலையோடு வரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். ஒல்லிப் பெண்ணுக்கு வெட்டினால் உள்துணிக்கு நிறைய மிஞ்சும், அவளுக்கு அது தேவையே இல்லை. பருத்த பெண்ணுக்கு வெட்டினால் கை வைக்கவே துணி பற்றாது. தேவைப்படுகிறவளுக்குக் குறைவாகவும் தேவைப்படாதவளுக்கு அதிகமாகவும் போய்ச் சேரும் இந்த விநியோகம் நாட்டு வரவுசெலவுத் திட்டங்களை ஆராய்வோருக்குப் பழகிய ஒன்றாக இருக்கலாம். பெரியம்மாவின் தீர்வு: சேலையின் உள்தலைப்பை, இடுப்பில் செருகி யார் கண்ணுக்கும் படாமல் போகிற அந்த முனையை, ஒரு சாண் வெட்டி ரவிக்கைக்குச் சேர்ப்பது. சேலை குட்டையானது கணவர்களுக்குத் தெரிவதில்லை.

கிளைத்துறைகள்

பினாஃபோரின் கீழ் மடிப்பு. ஒன்றாம் வகுப்பில் நான்கு விரற்கடை மடித்துத் தைத்ததை ஆண்டுதோறும் ஒரு மடிப்பாக இறக்குவார்கள். வெளியே இருந்த துணி வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்தது வாங்கிய நிறத்திலேயே இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பாவாடை ஓரத்தில் வெள்ளம் வடிந்த சுவர்போலக் கோடுகள் தெரியும். கோடுகளை எண்ணி வகுப்பைச் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை பள்ளியில் எப்போதும் பையைத் தொடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள், எண்ணவிடாமல்.

பாஜு கூரோங். மலாய்ப் பெண்களின் ஆடை, இப்போது தமிழ்ப் பெண்களுக்கும் அலுவலக உடை. இதில் உள்துணிக் கோட்பாட்டுக்கு முற்றிலும் வேறான பதில் இருக்கிறது. அக்குளில் கெக்கெக் என்ற சதுரத் துண்டு, இரு பக்கமும் பெசாக் என்ற சரிவுப் பட்டை. வளர்வதற்கான இடத்தை ஒளித்து வைக்காமல் வெளியிலேயே தைத்துவிட்டார்கள். பெரியம்மா அதைத் தைப்பார், வாரக்கணக்கில் பாராட்டுவார், ஆனாலும் பக்கத்தில் இரண்டு விரற்கடை விடுவார். வேண்டாமே, இதுவே தொளதொளவென்று இருக்கிறதே என்றால் கத்தரிக்கோலை மேசைமேல் சற்று ஓசையோடு வைப்பார். ஆய்வு அன்றோடு நிறுத்தப்படும்.

பின்னலாடை. மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் கம்பளி தேவைப்படும் குளிர். ஊருக்குள் கம்பளியை நினைத்தாலே வேர்க்கும். கோட்பாட்டு நோக்கில் ஸ்வெட்டர் ஓர் அதிசயம்: நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் நூலாகிவிடும், பெரிதாக மறுபடி பின்னிக்கொள்ளலாம். அதாவது அது முழுக்க முழுக்க உள்துணி. ஆனால் இவ்வட்டாரத்தில் கொக்கி ஊசி பிடித்த பெண்கள் மனிதருக்குப் பின்னவில்லை. தொலைபேசிக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் லேஸ் பின்னிப் போர்த்தினார்கள். வெயில் ஊரில் குளிருக்குப் போர்த்திக்கொண்டது தொலைக்காட்சி மட்டுமே. பிறகு தட்டைத் திரை வந்து அதன் தலையில் எதையும் உட்கார வைக்க முடியாமற்போனது. அளவு மாறும்போது பிரித்துப் பின்ன முடிகிற துணிக்கே இடமில்லாமல் போன இந்தத் துயரத்தைத் தனி ஏடாக எழுத வேண்டும்.

விதி

தரவுகள் அனைத்தையும் தொகுத்ததில் கிடைத்தது ஒரே ஒரு விதி: உள்ளே இருந்த துணி வெளியே வரும், வெளியே வந்தது உள்ளே போகாது. காய்ச்சலில் இளைத்தாலும், நடைப்பயிற்சியில் இளைத்தாலும், பிரித்துவிட்ட ரவிக்கையை எவரும் மறுபடி பிடித்துத் தைப்பதில்லை. "மறுபடி ஏறும்" என்பது பொது நம்பிக்கை, பெரும்பாலும் நிறைவேறுவதும் அதுதான். இளைத்தவள் அந்த ரவிக்கையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் புதிது தைக்கிறாள். அந்தப் புதிதிலும் இரண்டு விரற்கடை.

இவ்விதியை வெளியிடத்தில் சோதிக்கத் தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோவில் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரித்துவிட்ட ரவிக்கையின் பக்கத்தில் வெளுக்காத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும், கையைத் தூக்கினால் மட்டும். குகை வாசலில் தீபாராதனை, "அரோகரா" என்று கூட்டம் முழுவதும் கை தூக்கியது. மஞ்சளில் அடர்மஞ்சள், சிவப்பில் அடர்சிவப்பு, எங்கு பார்த்தாலும் பட்டைகள். இக்கட்டுரையாளர் சாமியைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த முதன்மைத் தகவலாளர் முழங்கையால் இடித்தார். இடித்தபோது அவருடைய கையும் தூக்கியிருந்தது. அங்கேயும் பட்டை இருந்தது என்பது பதிவு செய்யப்படுகிறது.

மறுப்புரை

டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் கண்டுபிடித்த செயற்கை இழைதான் இன்று எத்தனையோ துணிகளில் கலந்து நீளுகிறது. ரப்பரின் வேலையை ரப்பர் மரமே இல்லாமல் அது செய்கிறது. அந்த இழை கலந்த ஆயத்த ரவிக்கைகள் ஈப்போ லிட்டில் இந்தியாக் கடைகளில் கயிற்றில் தொங்குகின்றன. ஒரே அளவு, யாருக்கும் பொருந்தும். கொக்கி பூட்ட வேண்டாம், தையல்காரிக்குக் காத்திருக்க வேண்டாம், தீபாவளிக்கு முன் "இனிமே எடுக்கறதில்லக்கா" என்ற பதிலைக் கேட்க வேண்டாம். உள்துணிக் கோட்பாடு இத்தோடு வழக்கொழிந்தது என்று இளைய ஆய்வாளர்கள் வாதிடக்கூடும். பெரியம்மாவின் பேத்தி வாதிடவும் செய்தாள், கையில் ஒன்றை வாங்கிக் கொடுத்தும்விட்டாள்.

பெரியம்மா கடையிலேயே அதைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் அடித்த தையல், கால் இன்ச்சுக்கும் குறைவு. "உள்ள துணி எங்க?" என்று கேட்டார். விற்ற பெண், "இழுத்தா வரும்மா" என்றாள். இழுத்தார், வந்தது. விட்டார், போய்விட்டது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். இருபக்கத் தையலையும் பிளேடால் பிரித்தார். ஏறத்தாழ அதே நிறத்தில் பழைய துணி ஒன்றைத் தேடி, நீளப் பட்டையாக வெட்டி இரு பக்கமும் இணைத்தார். நீளும் துணியில் சாதா ஊசி தையலைத் தாண்டித் தாண்டிப் போட்டது. மிஷினைத் திட்டிவிட்டுக் கையாலேயே தைத்தார். பிறகு, சேர்த்த பட்டை முழுவதையும் உள்ளே மடித்து, பழைய தையல் இருந்த இடத்திலேயே மறுபடி ஒரு தையல் ஓட்டினார். ரவிக்கை கடையில் இருந்த அதே அளவுக்கு வந்து நின்றது. வெளியே ஒரு மாற்றமும் இல்லை. தானே நீளும் துணிக்கு இது எதற்கு என்று கேட்கப்பட்டது. "கிடந்துட்டுப் போவுது" என்றார்.